உடலின் உயிர்ப்பு: மன்னார் வளைகுடாக் கரையிலிருந்து

இராமநாதபுரத்திலிருந்து இராமேசுவரம் போகிற வழியில், உச்சிப்புளிப் பக்கம் கடலோரமாக இருக்கிறது புதுமடம். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர். அதற்குக் கிழக்கே வேதாளை, மண்டபம். பாலத்தைக் கடந்தால் பாம்பன், தங்கச்சிமடம், கடைசியில் இராமேசுவரம். இந்தச் சின்னக் கரைத்துண்டுக்குள் மரணத்துக்கு மூன்று விடைகள் அக்கம்பக்கமாக வாழ்கின்றன. அக்கினி தீர்த்தத்தில் ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் கூடுகிறவர்கள் முன்னோருக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கிறார்கள், கொண்டுவந்த அஸ்தியைக் கடலில் கரைக்கிறார்கள். முஸ்லிம் ஊர்களின் மையவாடிகளில் கிப்லாவை நோக்கி அடக்கப்பட்டவர்கள் கியாமத் நாளில் எழுப்பப்படக் காத்திருக்கிறார்கள். மீனவக் கத்தோலிக்க ஊர்களின் கல்லறைத் தோட்டங்களில், நவம்பர் 2 அன்று மெழுகுவத்தி ஏற்றி நிற்கும் குடும்பங்கள் உடலின் உயிர்ப்பை நம்புகிறோம் என்று சொல்லி ஜெபிக்கிறார்கள்.

இந்த மூன்றாவது விடையைத்தான் இங்கே ஆராய்கிறேன். இயேசு உயிர்த்தெழுந்தார் என்பது கிறிஸ்தவ விசுவாசிக்கு என்ன பொருள் தருகிறது? என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செத்தபின் ஆன்மா மோட்சம் போகும் என்கிற ஆறுதலாக உயிர்ப்பை நம் பிரசங்கங்கள் சுருக்கிவிட்டன. விசுவாசப் பிரமாணம் சொல்வதோ உடலைப் பற்றி. அந்த நம்பிக்கை பிறந்ததே அநியாயமாகக் கொல்லப்பட்டவர்களுக்குக் கடவுள் என்ன பதில் சொல்வார் என்ற கேள்வியிலிருந்து. கடலில் போனவர் திரும்பாமலே போய்விடுகிற இந்தக் கரையில் அதன் முழுப் பொருளை விட்டுக்கொடுக்க முடியாது.

அந்தப் பிரமாணம் இங்கே வந்த கதை பழையது. 1535 முதல் 1537 வரை முத்துக்குளித்துறையின் பரதவர்கள் திரளாக ஞானஸ்நானம் பெற்றார்கள். போர்த்துகீசியரின் பாதுகாப்புக்காகப் பெற்றார்களே தவிர, என்ன நம்புகிறோம் என்பதை அவர்களுக்கு அவர்கள் மொழியில் சொல்ல ஆளில்லை. 1542இல் வந்த பிரான்சிஸ் சவேரியார் உள்ளூர்க்காரர் சிலரை உட்காரவைத்து, விசுவாசப் பிரமாணத்தையும் கர்த்தர் கற்பித்த ஜெபத்தையும் கட்டளைகளையும் தமிழில் ஆக்கி மனப்பாடம் செய்தார். 1544 ஜனவரியில் அவர் எழுதிய கடிதத்தில் ஒரு காட்சி இருக்கிறது. பிரமாணத்தின் ஒவ்வொரு பகுதியையும் சொல்லி, இதை உறுதியாக நம்புகிறீர்களா என்று கேட்கிறார். கூடியிருந்தவர்கள் கைகளை மார்பின்மேல் குறுக்காக வைத்து, உரத்த குரலில், நம்புகிறோம் என்கிறார்கள். அந்தப் பகுதிகளில் ஒன்று, மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார் என்பது. இன்னொன்று, நம் உடல் எழும் என்பது. எழுத்தறியாத கடல் தொழிலாளர்கள் ஏறக்குறைய ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன் வாய்விட்டுச் சொன்ன இந்த வாக்கியத்தைத்தான் இன்றும் ஞாயிறு பூசையில் அவர்களுடைய வழித்தோன்றல்கள் சொல்கிறார்கள்.

சவேரியாருக்குப் பின் அந்தப் பணிக்குப் பொறுப்பேற்ற அந்தோனியோ கிரிமினாலி, இத்தாலியின் பார்மா அருகே பிறந்தவர், 1549இல் வேதாளையில் வடுகப் படையினரால் கொல்லப்பட்டார். இயேசு சபையில் முதலில் இரத்தம் சிந்தியவர் அவர். இராமேசுவரம் போகிற யாத்திரிகர்களிடம் போர்த்துகீசியத் தளபதி வரி பிடுங்கியதே சண்டைக்குக் காரணம். பிறருடைய பேராசைக்கு அவர் விலை கொடுத்தார் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். புதுமடத்திலிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லத்தக்க இடத்தில் நடந்தது இது.

இனி, இந்த நம்பிக்கையின் வேருக்குப் போவோம். பழைய ஏற்பாட்டின் பெரும்பகுதி மறுமையைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. செத்தவர்கள் பாதாளத்தில் நிழல்போல் கிடப்பார்கள் என்பதோடு நின்றுவிடுகிறது. நிலைமை மாறியது கி.மு. 167ஐ ஒட்டி. அந்தியோக்கு எப்பிபானெஸ் என்னும் அரசன் யூதர்களின் வழிபாட்டைத் தடைசெய்து, மறுத்தவர்களைச் சித்திரவதை செய்தான். மக்கபேயர் இரண்டாம் நூலின் ஏழாம் அதிகாரத்தில் ஒரு தாயும் ஏழு பிள்ளைகளும் வருகிறார்கள். மூன்றாவது மகன் தன் கைகளை வெட்டக் கொடுக்கும்போது, இவை கடவுள் தந்தவை, அவரிடமிருந்தே திரும்பப் பெறுவேன் என்ற கருத்தில் பேசுகிறான். தானியேல் நூலின் பன்னிரண்டாம் அதிகாரமும் அதே நெருக்கடியில் எழுந்தது. கடவுளுக்கு உண்மையாய் இருந்தவன் சாகிறான், கொன்றவன் சிங்காசனத்தில் இருக்கிறான். கடவுள் நீதியுள்ளவர் என்றால் வெட்டப்பட்ட அந்தக் கைக்கு என்ன கணக்கு? உயிர்ப்பு என்கிற எண்ணம் இந்தக் கேள்வியில்தான் கூர்மை பெற்றது. இயேசுவின் காலத்தில் பரிசேயர் இதை ஏற்றார்கள், கோயில் அதிகாரத்தை வைத்திருந்த சதுசேயர் மறுத்தார்கள். அதிகாரத்தில் இருந்தவர்கள் மறுத்ததில் வியப்பில்லை. செத்தவர்கள் எழுந்து வந்தால் கணக்குச் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தாம்.

ஆகவே இயேசுவின் சீடர்கள் "கடவுள் அவரை எழுப்பினார்" என்று எருசலேம் தெருவில் சொன்னபோது, கேட்டவர்களுக்கு அது செத்தவர் ஒருவர் பிழைத்த அதிசயக் கதையாக மட்டும் ஒலிக்கவில்லை. நீங்கள் தீர்ப்பிட்டுக் கொன்றீர்கள், கடவுள் அந்தத் தீர்ப்பைத் தள்ளுபடி செய்துவிட்டார் என்ற குற்றச்சாட்டாக ஒலித்தது. அப்போஸ்தலர் பணிகள் நூலில் பேதுருவின் முதல் பிரசங்கங்கள் எல்லாம் இந்தத் தொனியில்தான் இருக்கின்றன.

கிடைத்துள்ள சாட்சியங்களில் மிகப் பழையது பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் பதினைந்தாம் அதிகாரம். எழுதப்பட்டது கி.பி. 54ஐ ஒட்டி. தான் பெற்றுக்கொண்டதையே ஒப்படைக்கிறேன் என்று சொல்லி, இயேசு இறந்தார், அடக்கம் செய்யப்பட்டார், மூன்றாம் நாள் எழுப்பப்பட்டார், கேபாவுக்கும் பன்னிருவருக்கும் ஐந்நூறுக்கும் மேற்பட்டோருக்கும் யாக்கோபுக்கும் காட்சி தந்தார் என்று அடுக்குகிறார். சிலுவை நடந்து சில ஆண்டுகளுக்குள்ளேயே இந்தச் சூத்திரம் வழக்கில் வந்துவிட்டது என்பதில் விசுவாசமுள்ள அறிஞர்களும் விசுவாசமற்ற அறிஞர்களும் பெரும்பாலும் ஒத்துப்போகிறார்கள். அந்தப் பட்டியலில் பெண்கள் பெயர் இல்லை. நான்கு நற்செய்திகளிலோ கல்லறைக்கு முதலில் போகிறவர்கள் பெண்கள்தாம், மகதலா மரியா நான்கிலும் இருக்கிறார். பெண்ணின் சாட்சியைச் சபையில் ஏற்காத காலம் அது. கட்டிச் சொல்லப்பட்ட கதையானால் இப்படிக் கட்டியிருக்க மாட்டார்கள் என்ற வாதத்தில் வலு இருக்கிறதென்றே நினைக்கிறேன். 2016இல் போப் பிரான்சிஸ், ஜூலை 22இல் வரும் மகதலா மரியாவின் நாளை அப்போஸ்தலர்களுக்கு இணையான விழாவாக உயர்த்தினார். ஊர்ப் பங்குகளில் அது இன்னும் சாதாரண நாளாகவே கழிகிறது.

மாற்கு நற்செய்தியின் மிகப் பழைய முழுப் பிரதிகளான சீனாய்ச் சுவடியிலும் வத்திக்கான் சுவடியிலும், பெண்கள் நடுங்கி ஓடினார்கள், பயத்தால் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை என்பதோடு நூல் நின்றுவிடுகிறது. தொடர்ந்து வரும் வசனங்கள் பிற்காலத்தில் சேர்ந்தவை. இதைக் கேட்டுக் கலங்குகிறவர்கள் உண்டு. எனக்கு அந்த முடிவு நம்பத்தக்கதாகவே படுகிறது. இழப்பின் மறுநாள் காலையில் நல்ல செய்தி வந்தால் முதலில் வருவது பயம்தான்.

இந்தக் கரைக்கு மிக நெருக்கமான சாட்சியம் யோவானின் இருபத்தொன்றாம் அதிகாரம். சீடர்கள் ஏழு பேர் திபேரியா ஏரியில் படகில் போகிறார்கள். எல்லாம் முடிந்துபோனதாக எண்ணிப் பழைய தொழிலுக்கே திரும்பியவர்கள். ராத்திரி முழுக்க மீன்பாடு இல்லை. விடியும் நேரம் கரையில் ஓர் ஆள் நின்று, பிள்ளைகளே, மீன் ஏதும் பட்டதா என்று விசாரிக்கிறார். வெறும் படகோடு திரும்புகிறவர்களிடம் கரையிலிருப்பவர் கேட்கிற வழக்கமான கேள்வி. இல்லை என்கிறார்கள். வலப்பக்கம் வலை போடச் சொல்கிறார். 153 பெரிய மீன்கள், வலை கிழியவில்லை. ஆள் யாரென்று தெரிந்ததும் பேதுரு மேலாடையை உடுத்திக்கொண்டு தண்ணீரில் குதிக்கிறார். கரையில் கரி நெருப்பு, அதன்மேல் மீன், பக்கத்தில் அப்பம். உலகத்தின் ஆண்டவர் என்று நாம் வணங்குகிறவர், உயிர்த்தபின் செய்த வேலை ராத்திரிப் பாட்டாளிகளுக்குக் காலைச் சாப்பாடு ஆக்கி வைத்தது. அந்தக் கரி நெருப்பு வாசகருக்கு இன்னொன்றை நினைவூட்டும். இயேசு பிடிபட்ட இரவின் குளிரில் தலைமைக்குருவின் முற்றத்தில் இதேபோல் கரி நெருப்பைச் சுற்றி நின்றுதான் பேதுரு தன் ஆண்டவரை மூன்று முறை மறுதலித்தார் என்று அதே யோவான் எழுதுவார், மற்ற நற்செய்தியாளர்கள் கரியைச் சொல்வதில்லை. இப்போது மூன்று முறை அன்பு செய்கிறாயா என்ற கேள்வி. குத்திக் காட்டுதல் இல்லை, மறைத்துவிடுதலும் இல்லை; ஆடுகளை மேய்க்கிற வேலை மட்டும் கையில் கொடுக்கப்படுகிறது. அந்தப் படகில் செபதேயுவின் மக்களும் இருந்தார்கள். அவர்களில் ஒருவரான யாக்கோபுதான் தங்கச்சிமடத்தில் கோயில் கொண்டிருக்கும் சந்தியாகப்பர். அவருடைய ஜூலைத் திருவிழாவுக்கு இந்துக்களும் முஸ்லிம்களும் வருவார்கள்.

இவ்வளவு நெருக்கமான செய்தி இருந்தும், நம் ஊர்களில் உயிர்த்த ஞாயிற்றைவிடப் பெரிய வெள்ளிதான் பெரிது. இதை மறைக்க வேண்டியதில்லை. தவக்காலம் முழுக்க வெள்ளிக்கிழமைதோறும் சிலுவைப்பாதை. அதன் பதினான்கு நிலைகள் 1731இல் போப் பன்னிரண்டாம் கிளமெந்து காலத்தில் நிலைபெற்றன. பதினான்காவது அடக்கத்தோடு முடிந்துவிடும். சில பங்குகளில் உயிர்ப்பைப் பதினைந்தாம் நிலையாகச் சேர்த்துக்கொள்கிறார்கள், அது கட்டாயமில்லை. பெரிய வெள்ளி சாயங்காலம் பாடுபட்ட சுரூபத்தைச் சிலுவையிலிருந்து இறக்கி, தூம்பா என்னும் பாடையில் வைத்து, ஊரைச் சுற்றிக் கொண்டுவருவார்கள். முத்தி செய்ய நிற்கும் வரிசை கோயில் வாசலைத் தாண்டி நீளும். பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம், கோவாவில் பிறந்து 1705இல் இலங்கைக்கு வந்து 1742வரை உழைத்த ஜாக்கோமே கொன்சால்வெஸ் எழுதிய வியாகுலப் பிரசங்கத்தை இன்றும் தவக்காலத்தில் இராகம் போட்டு வாசிக்கிறார்கள். துக்கத்துக்கு நம்மிடம் ஆயத்தமான வடிவம் இருந்தது. ஒப்பாரி அறிந்த பெண்களுக்குத் தாய் மகனுக்காக அழுவதை யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. செத்தவன் எழுந்து வந்தால் எப்படிப் பாடுவது என்பதற்கு அப்படி ஆயத்தமான வடிவம் நம்மிடம் இருக்கவில்லை.

திருச்சபையும் இதில் பங்காளி. பாஸ்காத் திருவிழிப்பு, ஆண்டின் தலையான வழிபாடு, பல நூற்றாண்டுகளாகச் சனிக்கிழமை காலையிலேயே ஏதோ கடமைக்கு நடந்துகொண்டிருந்தது. வெளிச்சத்தில் நின்றுகொண்டு இருளை வென்ற ஒளியைப் புகழ்ந்தார்கள், அதுவும் இலத்தீனில், வெறும் பெஞ்சுகளுக்கு முன்னால். 1951இல் போப் பன்னிரண்டாம் பத்திநாதர் அதை இரவுக்குத் திருப்பிக்கொடுத்தார், 1956இலிருந்து எல்லா இடத்திலும் கட்டாயமானது. அதற்குப் பத்தாண்டுகளுக்குள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தமிழுக்குக் கதவைத் திறந்தது. ஆக, நம் தாத்தா பாட்டிகளில் பலர் இந்த இரவை அதன் முழு உருவில் பார்த்ததே நடுவயதில்தான்.

அந்த இரவை ஒரு கடற்கரைக் கோயிலில் பார்க்க வேண்டும். முற்றத்தில் விளக்கெல்லாம் அணைத்து, விறகு அடுக்கிப் புது நெருப்பு மூட்டுவார்கள். பாஸ்காத் திரியில் சிலுவையும் ஆண்டின் நான்கு எண்களும் கீறி, ஐந்து காயங்களுக்கு ஐந்து சாம்பிராணி மணிகள் குத்துவார் குருவானவர். கடல்காற்றில் திரி இரண்டு மூன்று தடவை அணையும். சுற்றி நிற்பவர்கள் தோளோடு தோள் ஒட்டி நின்று காற்றை மறிப்பார்கள். இருட்டுக் கோயிலுக்குள் திரி மட்டும் முன்னே போக, ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு நெருப்பு ஏறி, கடைசி வரிசை வரை வரும். வாசகங்களை நேரத்துக்கேற்பக் குறைத்துக்கொள்ளலாம், யாத்திராகமம் பதினான்காம் அதிகாரத்தை மட்டும் விடக்கூடாது என்பது விதி. கடல் பிளந்து அடிமைகள் கரையேறிய பகுதி அது. பிறகு வானவர் கீதம், மணியெல்லாம் ஒருசேர அடிக்கும், திரை விழும், காகிதக் குகைக்குள்ளிருந்து கொடி பிடித்த உயிர்த்த ஆண்டவர் சுரூபம் தெரியும், வெளியே வெடி. குழந்தைகள் தூக்கம் கலைந்து எழுந்து உட்காரும் நேரம் அதுதான்.

விதிவிலக்கான ஊரும் இருக்கிறது. சிவகங்கை மறைமாவட்டத்துக்குள்ளேயே இருக்கும் சருகணியில் உயிர்ப்புப் பெருவிழாவுக்குத் தேர் இழுக்கிறார்கள். மருது சகோதரர்கள் அந்தக் கோயிலுக்குத் தேர் செய்துகொடுத்தார்கள் என்று வட்டாரமே சொல்லும். சந்தோஷத்துக்கு வடம் பிடிக்கிற வடிவத்தைத் தமிழ் மண் கொடுத்த இடம் அது. தென்மாவட்டச் சீர்திருத்தச் சபைகளில் விடியலுக்கு முன் எழுந்து ஆராதனைக்குப் போகிற பழக்கமும், கல்லறைகளைச் சுத்தம் செய்து பூ வைக்கிற பழக்கமும் இருக்கின்றன. ஈஸ்டர் விடியலில் கல்லறைத் தோட்டத்தில் கூடுவதை 1732இல் ஹெர்ன்ஹூட் மொராவியர்கள் தொடங்கினார்கள். பெந்தெகொஸ்தே சபைகளில் உயிர்ப்பு என்றால் இன்றே கிடைக்கும் வல்லமை, நோய் தீர்தல், புது வாழ்வு.

சரி, உடல் என்று ஏன் இத்தனை அழுத்தம்? ஆன்மா அழியாது, உடல் கழற்றிப் போடும் சட்டை என்பது நம் மண்ணில் ஊறிய எண்ணம். கிரேக்கர்களிடமும் அதுவே இருந்தது. கொரிந்தியர்களுக்கு உறுத்தியதும் அதுதான். அவர்களுக்குப் பவுல் விதையைக் காட்டினார். விதைப்பது ஒன்று, முளைப்பது வேறு உருவம், ஆனாலும் அதன் தொடர்ச்சி. செத்த உடல் அப்படியே எழுந்து உட்காரும் என்றும் அவர் சொல்லவில்லை, உடல் வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

கி.பி. 177இல் லியோன் நகரில் கிறிஸ்தவர்களைக் கொன்றவர்கள், உடல்களை எரித்துச் சாம்பலை ரோன் நதியில் கரைத்தார்கள். இனி எப்படி எழுவார்கள் பார்ப்போம் என்பது அவர்கள் நோக்கம் என்று யூசேபியுஸ் பதிந்திருக்கிறார். நம் பக்கம் 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் மறைப்பணியாளர் அருளானந்தர் தலை வெட்டப்பட்டார். கை கால்களையும் வெட்டி, உடலைக் கழுமரத்தில் கட்டி நாள்கணக்கில் விட்டுவிட்டார்கள். முழுதாய் அடக்கம் செய்ய அந்த உடல் யாருக்கும் கிடைக்கவில்லை. ஓரியூரின் சிவந்த மண்ணை இன்றும் மக்கள் நெற்றியில் இட்டுக்கொண்டு, பொட்டலம் கட்டி எடுத்துப்போகிறார்கள். கல்லறை இல்லாதவர் எழுவாரா என்ற கேள்விக்கு அகுஸ்தினார் தன் "கடவுளின் நகரம்" நூலில் நிதானமாகப் பதில் சொல்லியிருக்கிறார். அடக்கம் உயிரோடிருப்பவர்களின் ஆறுதலுக்கு. ஒன்றுமில்லாமையிலிருந்து படைத்தவருக்குச் சிதறியதைச் சேர்ப்பது பாரமில்லை. 1963இல் கத்தோலிக்கத் திருச்சபை தகனத்தை அனுமதித்ததும் இந்த நியாயத்தில்தான். 2016இல் வந்த அறிவுறுத்தல், சாம்பலைக் காற்றிலோ கடலிலோ தூவக்கூடாது, புனித இடத்தில் வைக்க வேண்டும் என்றது. அக்கினி தீர்த்தத்துக்குப் பக்கத்தில் வாழ்கிறவர்களுக்கு இந்த வேறுபாடு கண்ணில் தெரிகிறது: அங்கே கரைதல் விடுதலை, இங்கே இந்த ஆள், இந்தப் பெயர், கடைசிவரை வைத்துக்கொள்ளப்படுகிறது.

கடல் தூவாமலே எடுத்துக்கொள்கிறவர்களைப் பற்றித்தான் நான் சொல்ல வந்தேன். 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் புயல் தனுஷ்கோடியை விழுங்கியபோது பாம்பனிலிருந்து வந்த ரயிலே பயணிகளோடு போயிற்று. கூரையில்லாத மாதா கோயில் சுவர் இன்னும் மணலில் நிற்கிறது. 2004 சுனாமியில் குளச்சலிலும் வேளாங்கண்ணியிலும் பெயர் தெரியாமல் மொத்தமாகப் புதைத்தார்கள். 2017 நவம்பரில் ஒக்கி புயலில் போன குமரி மீனவர்களில் பலர் உடலாகக்கூடத் திரும்பவில்லை. சட்டப்படி, ஏழாண்டு காலம் தகவல் இல்லாதவரைத்தான் இறந்தவராகக் கொள்ள முடியும். அதுவரை மனைவி விதவையும் இல்லை, சுமங்கலியும் இல்லை. மூன்றாம் நாள் திதியும் கல்லறைச் சிலுவையும் எதற்கு வைப்பது? இந்த வீடுகளில் போய் "ஆன்மா இளைப்பாறுகிறது" என்று மட்டும் சொல்வது போதாது. அவர்கள் கேட்பது ஆளை. வெளிப்பாடு நூலின் இருபதாம் அதிகாரத்தில், தீர்ப்பு நாளன்று கடல் தன்னிடமுள்ள இறந்தோரைத் திருப்பி ஒப்படைக்கிறது. சாவுக்கும் பாதாளத்துக்கும் முன்னதாகக் கடலைப் பெயர் சொல்லிக் குறிப்பிடும் அந்த வரியை இந்தக் கரையின் அடக்கப் பூசைகளில் அடிக்கடி வாசிக்க வேண்டும். அடுத்த அதிகாரத்தின் முதல் வசனம், புதிய உலகில் கடலே இல்லை என்கிறது. கடலை நம்பிப் பிழைக்கிறவர்களுக்கு அது எப்படி நற்செய்தியாகும் என்று கேட்கத் தோன்றும். ஆள் திரும்பாத வீட்டில் அதைக் கேட்கத் தோன்றாது.

அண்டை வீட்டு முஸ்லிம்களும் இந்த இடத்தில் உடன் நிற்கிறார்கள். ஈசா நபி சிலுவையில் கொல்லப்படவில்லை, இறைவன் தன்னளவில் உயர்த்திக்கொண்டான் என்பது குர்ஆனின் நான்காம் அத்தியாயம் 157, 158ஆம் வசனங்களின் நிலை. கிறிஸ்தவ விசுவாசத்தின் அச்சாணியில் உள்ள வேறுபாடு அது. பூசி மெழுக முடியாது. ஆனால் மண்ணிலிருந்து மனிதர் உடலோடு எழுப்பப்பட்டுக் கணக்குக் கேட்கப்படுவார் என்பதில் இரு வீட்டாருக்கும் ஒரே நம்பிக்கை. நீரில் மூழ்கி இறந்தவர் ஷஹீதுகளில் (உயிர்த்தியாகிகளில்) ஒருவர் என்று புகாரியின் ஹதீஸ் தொகுப்பு சொல்கிறது. கடலில் பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில், அவன் கடவுளின் கணக்கிலிருந்து விழுந்துவிடவில்லை என்று இரண்டு மதத்தாரும் சொல்கிறார்கள்.

படிப்பாளிகளின் விவாதம் வேறு திசையில் போனது. 1941இல் ஜெர்மனியில் ருடால்ஃப் புல்ட்மன், வெற்றுக் கல்லறையும் காட்சிகளும் அந்தக் காலத்துப் புராண மொழி, உயிர்ப்பு என்பது சிலுவையின் பொருள் விசுவாசியின் உள்ளத்தில் பிறப்பதே என்றார். 1964இல் இறையியலாளர் பன்னன்பர்க், அது வரலாற்றில் நடந்த நிகழ்வு, வரலாற்றாசிரியரின் கேள்விகளுக்கு அது அஞ்ச வேண்டியதில்லை என்று மறுத்தார். 2003இல் என். டி. ரைட், முதல் நூற்றாண்டு யூதர் எவரும் ஆன்மிக அனுபவத்தை உயிர்ப்பு என்று அழைத்திருக்க மாட்டார் என்று தடித்த நூலில் நிறுவினார். எனக்கு ரைட்டின் வாதம் ஏற்புடையது. உள்ளத்தில் மட்டும் எழுந்தவர் கரியில் மீன் சுடமாட்டார்.

தமிழ்நாட்டுச் சிந்தனையாளர்களை இங்கே சேர்க்காமல் இருக்க முடியாது. பாளையங்கோட்டையில் 1891இல் பிறந்து, கோவையில் பேராயராக இருந்த ஏ. ஜே. அப்பாசாமி, யோவானின் வழியில் கிறிஸ்துவோடு ஒன்றித்திருப்பதே வாழ்வு என்று பக்தி மரபின் மொழியில் எழுதினார். தொழிற்சங்கத் தலைவராகவும் சென்னை மேயராகவும் இருந்த வெங்கல் சக்கரை, அவதாரம் பெத்லகேமில் தொடங்கி கல்வாரியில் முடிந்ததல்ல, உயிர்த்தவர் ஆவியாய் இன்றும் மனிதருக்குள் செயல்படுகிறார், அவதாரம் தொடர்கிறது என்றார். இரண்டுமே ஆழமானவை. இரண்டிலும் உயிர்த்தவர் உள்ளே வருகிறார், நெருக்கமாகிறார். எனக்குக் குறையாகப் படுவது ஒன்றுண்டு: அந்தக் காயங்கள் அங்கே மங்கிவிடுகின்றன.

தோமாவின் கதை காயங்களின் கதை. சென்னைச் சாந்தோமில் கல்லறை கொண்டவர் என்று மரபு போற்றும் அந்த அப்போஸ்தலர், ஆணித் தழும்பைத் தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்றார். சந்தேகக்காரர் என்று அவருக்குப் பட்டம் கட்டிவிட்டோம். அவர் கேட்டது அற்புதத்தை அல்ல, அடையாளத்தை: கொல்லப்பட்ட அதே ஆள்தானா இது? இயேசுவும் கோபிக்கவில்லை. மகிமையான உடலிலும் காயங்கள் ஆறி மறையாமல் இருந்தன. கடவுள் எழுப்பும்போது நடந்த கொடுமையை அழித்துவிட்டு எழுப்புவதில்லை. போரில் தோற்ற தலைமுறையின் போர்க்கைதி முகாமிலிருந்து வந்த மோல்ட்மன், 1964இல் "நம்பிக்கையின் இறையியல்" எழுதினார். உயிர்ப்பை நம்புகிறவன் இருக்கிற உலகத்தோடு சமாதானமாகப் போக முடியாதவன் என்பது அந்நூலின் சாரம்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலை. கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோயில், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் கோயில், மட்டக்களப்பு சீயோன் சபை, நட்சத்திர விடுதிகள். தீவிரவாதிகளின் தற்கொலைக் குண்டுகளில் 260 பேருக்கு மேல் இறந்தார்கள். சீயோனில் இறந்தவர்களில் குழந்தைகள் பலர், ஞாயிறு பள்ளி முடித்து நின்றவர்கள். கட்டுவாப்பிட்டியில் உயிர்த்த ஆண்டவர் சுரூபத்தின் வெள்ளை உடையில் பூசைக்கு வந்தவர்களின் இரத்தம் தெறித்தது. அதைத் துடைக்காமல், கண்ணாடிக்குள் வைத்துப் பாதுகாக்கிறார்கள். உயிர்ப்பைப் பற்றி இதைவிடத் தெளிவான இறையியலை நான் வாசித்ததில்லை. அடுத்த மாதம் அதற்குப் பழியாக முஸ்லிம்கள்மேல் தாக்குதல் தொடங்கியபோது, பழிவாங்கக் கூடாது என்று கர்தினால் மால்கம் ரஞ்சித் வெளிப்படையாகச் சொன்னார். உண்மை வெளிவர வேண்டும் என்ற கோரிக்கையையும் அவர் கைவிடவில்லை.

இராமேசுவரத்துக்கு நேர் எதிரே மன்னார். அங்கே ஆயராக இருந்த இராயப்பு யோசப், 2011 ஜனவரியில் அரசு நியமித்த ஆணைக்குழுவின்முன் ஒரு கணக்கை வைத்தார். வன்னியில் இருந்த மக்கள் எத்தனை, உள்நாட்டுப் போர் முடிந்து அரசுக் கட்டுப்பாட்டுக்குள் வந்தவர்கள் எத்தனை என்று அரசின் சொந்தப் பதிவேடுகளைக் கொண்டே கழித்துப் பார்த்து, 146,679 பேருக்கு என்ன ஆனது என்று கேட்டார். மிரட்டலும் விசாரணையும் வந்தன, எண்ணை அவர் திரும்பப் பெறவில்லை. 2021 ஏப்ரல் 1, புனித வியாழனன்று இறந்தார். 2017 பிப்ரவரியிலிருந்து கிளிநொச்சியில் தெருவோரம் உட்கார்ந்து, பிள்ளை எங்கே என்று படத்தைப் பிடித்துக் கேட்கும் தாய்மாரும் அதே கணக்கைத்தான் கேட்கிறார்கள். அவர்களில் பலர் இறந்துபோனார்கள், கேள்வி உட்கார்ந்திருக்கிறது. 2017 மார்ச்சில், கச்சத்தீவுக்கு அருகே தங்கச்சிமடத்து இளைஞர் ஒருவர் சுடப்பட்டு இறந்தபோது, பதில் சொல்லுங்கள் என்று தங்கச்சிமடமே திரண்டு நாள்கணக்கில் உட்கார்ந்தது. இவற்றையெல்லாம் அரசியல் என்று ஒதுக்கிவிட்டு, கோயிலுக்குள் வேறு ஏதோ உயிர்ப்பைக் கொண்டாட முடியும் என்று நான் நம்பவில்லை. மக்கபேயர் காலத்துத் தாய் கேட்டதும் இதையே.

பாஸ்கா இரவில் கடலைக் கடந்த வாசகம் முடிந்து ஞானஸ்நான வாக்குறுதிகளைப் புதுப்பிக்கும் முன், புனிதர்களின் பெயர்களை மன்றாட்டு மாலையாகச் சொல்லும் வழக்கம் உண்டு. பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் வேர்க்கோட்டிலும் ஓலைக்குடாவிலும், அந்த மாலைக்கு முன்னதாக ஒரு சில நிமிடம் ஒதுக்கி, கடலில் போய் உடல் திரும்பாத அந்தந்தப் பங்கின் மக்களை, ஞானஸ்நானப் பெயரோடும் படகு போன தேதியோடும் ஒவ்வொருவராக வாசிக்கலாம். பங்குப் பதிவேட்டில் அவர்கள் பிறந்த பக்கம் இருக்கிறது, அடக்கப் பக்கம் மட்டும் வெறுமையாக இருக்கிறது. வாசிக்க வேண்டியவர்கள் குருக்கள் அல்ல, கரையில் காத்திருந்த பெண்கள்.